முறை தேடி வந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், என் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி சிவாஜிநகர் பக்கம் ஒரு பழைய தேவாலய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அதே பெஞ்சில், கருகருவென்று சாயம் பூசிய மீசையும் சஃபாரி சூட்டுமாக ஒருவர் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும் முன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எங்க பொண்ணு ஈஜிபுராவுல ஒரு பையனை விரும்புறா சார். எனக்குப் பிடிக்கல. அவன் கொள்ளுத்தாத்தாவும் எங்க தாத்தாவும் அண்ணன் தம்பின்னு ஒரு பேச்சு உண்டு. அது எழுத்துல கிடைச்சா அவன் இவளுக்கு அண்ணன் முறை. கதை முடிஞ்சுது," என்றார்.

மதியத்துக்குள், இரண்டு பேர் பெயரும் இருந்த ஒரு கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால், பெயர்களை மட்டும் எப்படியோ அடையாளம் கண்டவர், மீதியை என்னைப் படிக்கச் சொன்னார். மாப்பிள்ளை, பையனின் கொள்ளுத்தாத்தா. மணப்பெண்ணுக்குத் தம்பி என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர், இவருடைய தாத்தா.

"அண்ணன் தம்பி இல்ல சார், மாமன் மச்சான். அப்படின்னா அந்தப் பையன் உங்க பொண்ணுக்கு முறைமாப்பிள்ளை," என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். சிலுவை போடவில்லை.

"அத்திபெலே மாதா கோயில்லயும் பழைய புஸ்தகம் இருக்காமே சார். அங்க வேற மாதிரி எழுதியிருப்பாங்க, இல்ல?"

அவர் பெண்ணின் கல்யாணமும் இந்நேரம் ஏதோ ஒரு புஸ்தகத்தில் ஏறியிருக்கும். சாட்சிக் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.