அக்காவும் நிலாவாரைக் கொட்டகையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைப் பெறும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அதனால் புகழ்ந்து எழுதப் போவதில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வாசுதேவநல்லூரில், குளத்துப் பாசன நெல்வயல் உள்ள வீட்டில். சங்கரன்கோவிலுக்கு மருமகளாக வந்தபோது வாய்த்தது மழையை நம்பிய கரிசல் காடு. அத்தான் காலமான பிறகு அதில் நிலாவாரை விதைத்தார். மலச்சிக்கலுக்கு மருந்தாகும் அந்த இலை தூத்துக்குடியில் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். "எந்தத் தேசத்துக்காரனோ வெளிக்குப் போறதுக்கு நான் இங்கன கெடந்து பாடுபடுதேன்" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

இலையை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். கொட்டகை நிழலில் பரப்பி, நாளுக்கு நாலு தடவை கிளறிவிட வேண்டும். அக்காவின் இலை பச்சை மாறாது என்று தூத்துக்குடித் தரகர் பிற ஊர்களிலும் சொல்வார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை, போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. இலையில் பூச்சிமருந்து இருப்பதாக அங்கே சோதித்துச் சொல்லிவிட்டார்களாம். அந்தச் சரக்கில் இருந்தது இரண்டே பேருடைய இலை. ஒன்று அக்காவுடையது, மற்றது பக்கத்துக் காட்டு அண்ணாச்சியுடையது. அண்ணாச்சி பருத்தியும் போட்டு மருந்தடிப்பவர். தரகர் நேரே அவர்மேல் பாய்ந்தார்.

"வே, ஒம்ம பருத்தி மருந்துதான் காத்துல வந்து படிஞ்சிருக்கு. இனி ஒம்ம இலை நமக்கு வேண்டாம்."

அந்த ஆண்டு அண்ணாச்சியின் பருத்தி முழுக்கக் காய்ப்புழுவுக்குப் போயிருந்தது. இலையும் போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அக்கா கொட்டகையிலிருந்து இறங்கி வந்தார்.

"அண்ணாச்சிய வையாதீய. கரையானுக்குப் பயந்து எங்க கொட்டகைத் தரையில வெள்ளை மருந்து தூவுனேன். அதுக்கு மேலதான் இலையப் பரப்புனேன்."

"ஒங்களுக்கு யாரு இந்தப் புத்தி சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

தரகர் மூன்று ஆண்டுகள் அக்காவின் இலையைத் தொடவில்லை. அண்ணாச்சியின் இலையை மட்டும் எடுத்துக்கொண்டார். அக்கா கம்பும் உளுந்தும் விதைத்தார். மழை பொய்த்த ஆண்டில் அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போனார். அதற்கிடையே கொட்டகைத் தரையை முழங்கால் ஆழம் வெட்டி, அந்த மண்ணைக் காட்டில் கொட்டாமல் தனியே குழிதோண்டி மூடினார். புதுமண் போட்டுத் தரையை மெழுகினார். நாலாம் ஆண்டு தரகர் மாதிரிக்கு ஒரு மூட்டை எடுத்துப் போனார். அது திரும்பி வரவில்லை. அதன் பிறகு கடைசிவரை அக்காவின் இலை கப்பலேறியது.

நெல்லை மருத்துவமனையில் துணையிருந்த மகளுக்கும் மருமகனுக்கும், தூத்துக்குடியிலிருந்து வந்து மாலை போட்ட தரகருக்கும், பாடைக்கு முன்னால் நின்று தோள் கொடுத்த பக்கத்துக் காட்டு அண்ணாச்சிக்கும் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அப்போது நான் உரக்கடையில் வேலை பார்த்தேன். அந்த வெள்ளை மருந்தைக் கொண்டுவந்ததும், அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில் தரையில் தூவியதும், அவர் வந்ததும் கரையானுக்கு என்று சொன்னதும் நான். தரகர் கேட்டபோது அக்காவுக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.