செட்டிங்ஸ் நிறம் மாற்றிய வாரம்

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. செட்டிங்ஸ் என்றால் அவர்தான். பதினொரு வருடங்களில் அவர் எழுதிய நிரல்களைவிட, நிரல் எழுதும் எடிட்டருக்குள் அவர் மாற்றி வைத்த அமைப்புகள் அதிகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். எண்ணிக்கை சரிதானா என்று பார்ப்பார். கர்சர் துடிக்கும் வேகத்தைத் தன் நாடிக்குத் தக்கபடி வைத்திருப்பதாகக்கூடப் பேச்சு உண்டு.

அந்த வாரம் அவர் தலையில் இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கண் மருத்துவமனையின் டோக்கன் பலகை, ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அறை வாசலில் இரண்டு நாற்பத்தேழுகள், இரண்டுமே சரியாகக் கண் தெரியாத நாற்பத்தேழுகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. வியாழக்கிழமை மூன்று மணிக்கு மருத்துவமனை நிர்வாகி அம்மாள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"இதை மட்டும் முடிச்சுக் காட்டுங்க. டீம் லீட் நீங்கதான்" என்றார் மேனேஜர். செட்டிங்ஸ் ஆறு வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது.

திங்கட்கிழமை காலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அது கண்ணில் பட்டது. பகலில் வெள்ளையாகவும் மாலை ஆறு மணிக்கு மேல் கருப்பாகவும் கணினி தானே மாறிக்கொள்ளும்படி முந்தின வாரம்தான் செய்து வைத்திருந்தார். மெயில் மாறியது, கோப்புறைகள் மாறின, கால்குலேட்டர்கூட மரியாதையாக மாறியது. எடிட்டர் மட்டும், எல்லோரும் எழுந்து நிற்கும்போது காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி, பட்டப்பகலில் கருப்பாகவே கிடந்தது.

"மெனுவுல போய் ரெண்டு கிளிக் பண்ணா மாறிடுமே, அண்ணே?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். எடிட்டர் கைக்கு வந்த நாளில் எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் மூன்று வருடம் ஓட்டியவன்.

"கையால மாத்துறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா?"

திங்கள் போயிற்று. கணினி நிறம் மாறும்போது உள்ளுக்குள் ஒரு தகவலை அனுப்புகிறது, அதை எடிட்டர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று கண்டுபிடித்தார். செவ்வாய் முழுக்க, அந்தத் தகவலை ஒட்டுக்கேட்டு எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றும் குட்டி நிரல் எழுதினார். வரி மாறியது, எடிட்டர் மசியவில்லை. மூடித் திறந்தால்தான் புது நிறத்துக்கு வரும் போலிருந்தது. சரி, மூடித் திறக்கட்டும். ஆனால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் 'சேவ் செய்யவா?' என்று அது குறுக்கே நின்றது. தானாக நடக்கிற காரியத்தில் கேள்வி என்ன கேள்வி? கேட்காமலே மூடும்படி செய்தார். புதன்கிழமை சோதனை. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று இருநூறு தடவை. அந்த மூலையில் மட்டும் இடி இல்லாமல் மின்னுகிறது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ இருட்டுனா அது கருப்பாயிடும். விடிஞ்சா வெள்ளையாயிடும். அவ்வளவுதானே?"

"தானா ஆகும். அதான் விஷயம்."

"நம்ம வீட்டுக் குளியலறை ஸ்விட்சை ரெண்டு தடவை தட்டினாதான் லைட் எரியுது. மூணு மாசமாச்சு. அதுக்கும் ஏதாவது எழுதிப் போடுங்களேன்."

அது எலக்ட்ரீஷியன் வேலை என்றார் செட்டிங்ஸ். அவருக்குத் தன்மானம் உண்டு.

வியாழன் காலை பத்து மணிக்கு டோக்கன் வேலையைத் தொட்டார். கஷ்டமான வேலைக்குக் கருப்புதான் ஒத்துவரும் என்று கணினியை இருட்டாக்கினார். எடிட்டரும் பின்னாலேயே இருட்டானது. அந்த ஆனந்தத்தில் ஐந்து மணி நேரம் தலை நிமிரவில்லை. கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் இருப்பது பாவம். டோக்கன் கொடுக்கும் இரண்டு கவுன்ட்டர்களும் ஒரே நொடியில் எண் கேட்டால் குழப்பம் வருகிறது என்று பிடித்து, நாற்பது வரியில் அதற்கு முடிவு கட்டினார். சேவ் செய்யவில்லை. முடிக்காத வேலையைச் சேவ் செய்வது வேகாத சோற்றை இறக்குவது போல என்பது அவர் கொள்கை; தானாகச் சேவ் ஆகும் வசதியை வேலையில் சேர்ந்த வாரமே அணைத்துவிட்டிருந்தார். கடைசி வரியை அடித்தபோது மேனேஜர் கூப்பிட்டார். மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"முதல்ல என்ன செஞ்சிருக்கேன்னு காட்டுறேன், அப்புறம் ஓட்டிக் காட்டுறேன்" என்று ப்ரொஜெக்டரில் இணைத்தார்.

நிர்வாகி அம்மாள் கண்ணாடியை ஏற்றி, இறக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே தம்பி. ஒரே கருப்பா இருக்கு. எங்க ஆஸ்பத்திரிக்கே ஆள் சேர்க்கறீங்களா?"

மேனேஜர் தேவைக்கு மேல் சிரித்தார். செட்டிங்ஸ் முகம் மலர்ந்தது. மூன்று நாள் உழைப்புக்கு ஒருவர் வாய்விட்டுக் கேட்டே விட்டார்.

"ஒரே கிளிக் மேடம். எல்லாம் தானா மாறும், பாருங்க."

மாறியது. சுவர் முழுக்க வெளிச்சம் வந்தது. எடிட்டர் ஒரு கண்சிமிட்டலுக்கு மறைந்து, பால் வெள்ளையில் திரும்பி வந்தது. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. திங்கட்கிழமை இருந்த எழுத்துகள்.

அவர் மேலே போனார், கீழே வந்தார். நாற்பது வரியில் ஒரு வரிகூட இல்லை. மேனேஜர், "ஓட்டிக் காட்டுங்க" என்றார். வேறு வழி தெரியாமல் ஓட்டினார். பலகையில் நாற்பத்தாறு வந்தது. நாற்பத்தேழு வந்தது. இன்னொரு நாற்பத்தேழு வந்தது.

"இப்ப நல்லாத் தெரியுது" என்றார் நிர்வாகி அம்மாள்.

வெள்ளிக்கிழமை காலை, டோக்கன் வேலையும் டீம் லீட் நாற்காலியும் பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் போயின. செட்டிங்ஸ் தன் குட்டி நிரலைத் திறந்து, மூடுவதற்கு முன் சேவ் செய் என்று ஒரு வரி சேர்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் குரல் கேட்டது. "அண்ணே, அந்த நாற்பது வரி என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். அப்படியே, நேத்து நிறம் மாறுச்சே, அழகா இருந்துச்சு. எனக்கும் அதைப் போட்டுத் தர்றீங்களா?"

புது டீம் லீட். குத்திப் பேசுகிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று முகத்தில் தேடினார், பிடிபடவில்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாற்பது வரி கிடக்கட்டும். வெள்ளைன்னா எந்த வெள்ளை வேணும், அதைச் சொல்லு முதல்ல."