விட்டுக்கொடுக்கும் மாப்பிள்ளை

எங்கள் கலியாணம் கொழும்பில் நடந்தது. சமாதானக் காலம் அது, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. அவர் ஹம்பேர்க்கிலிருந்து லீவில் வந்து, தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு விசா கிடைக்க அடுத்த பனிக்காலம் வந்துவிட்டது. விமான நிலையத்தில் என்னைக் கூப்பிட வந்து நின்றவரை எனக்குக் கலியாண அல்பத்தில்தான் நன்றாகத் தெரியும்.

மரியாதையான மனிதர். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த அன்றே படுக்கையறையை என்னிடம் தந்துவிட்டார். துறைமுகக் களஞ்சியத்தில் தனக்கு விடியப்புற வேலை, எழும்புகிற சத்தம் எனக்கு இடைஞ்சல் என்று சொல்லி, முன்னறைச் சோபாவில் போய்ப் படுத்தார். ஒரு கிழமை என்றால் பரவாயில்லை. பனி கரைந்து, கீழே வீதி மரங்கள் துளிர்த்த பிறகும் சோபாதான்.

எனக்கு வேறு பாடத்தில் இல்லாவிட்டாலும் சினிமாவில் அறிவு உண்டு. மின்சாரம் இல்லாத ஊரில், ஜெனரேற்றரும் கசெற்றும் வாடகைக்குப் பிடித்துப் படம் பார்த்து வளர்ந்தவள் நான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அவனுக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரி இருப்பாள்; ஊர்ப் பெண்ணைத் தாய் தகப்பனின் கரைச்சலுக்காகக் கட்டியிருப்பான். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். எனவே அலுமாரியைக் கிண்டினேன். தலையணை உறையில் மஞ்சள் மயிர் தேடினேன். ஒருநாள் தொலைபேசியில் ஒரு பெண் ஜேர்மன் மொழியில் எதையோ இனிமையாகச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வயிறெரிந்தேன். மொழி வகுப்புக்குப் போய் நாலு சொல் பிடிபட்ட பிறகு அதே குரல் மறுபடி வந்தபோதுதான் விளங்கியது, பல் வைத்தியர் அவருக்குக் கொடுத்த டேர்மீனை, அதாவது நேரத்தை, ஞாபகப்படுத்துகிற பெண்.

வீட்டில் டிவி பாருங்கள், மொழி தானாக வரும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். ஞாயிறு பின்னேரங்களில் அமெரிக்கப் படத்தைக் குரல் மாற்றிப் போடுவார்கள், எல்லோரும் ஜேர்மன் பேசுவார்கள். சோபாவின் ஒரு தொங்கலில் நான், மறு தொங்கலில் அவர்.

எங்கள் நிறத்தில் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வருவார்கள். கடையில் காசு வாங்குவார்கள், டாக்சி ஓட்டுவார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு கணினியைத் தட்டுவார்கள். மற்ற எல்லோருக்கும் நல்ல ஜேர்மன் கொடுத்தவர்கள் எங்கள் நிறத்தவருக்கு மட்டும் ஒரு கோணல் உச்சரிப்பைக் கொடுத்திருப்பார்கள். படம் முடியும்வரை ஒரு பெண்ணும் அவரை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். சீன முகம், ஜப்பானிய முகம் என்றால் ஒரு படி மேல், சண்டை போட விடுவார்கள். என்னவர் அந்தக் கடைக்காரரைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். தன்னைத்தான் பகிடி பண்ணுகிறார்கள் என்றுகூடத் தெரியாத மனிதரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு, சீன முகமுள்ள பொலிஸ்காரர் ஒருவரின் படம். மாடியிலிருந்து விழுந்து, கண்ணாடியை உடைத்து, பத்துப் பேரிடம் அடி வாங்கி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். கடைசியில் அவள் அவருடைய தோளில் தட்டி நன்றி சொல்லிவிட்டு, சும்மா நின்ற வெள்ளைக்காரனை முத்தமிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இவ்வளவு அடி வாங்கினவனுக்கு ஒரு முத்தம் குடுத்தா அவளுக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது.

அவர் சிரித்தார். பிறகு, எங்களுடைய படங்கள் மட்டும் திறமோ என்றார். அகதி விடுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த நாளிலிருந்து அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தமிழ்ப் படத்தில்தான் போயிருக்கின்றன. அவற்றில் தன்னைப்போல வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவன் வந்தால், கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வருவான். கடைசியில் மணவறையை விட்டு எழும்பி, அழுகிற பெண்ணை அவள் விரும்பினவனிடம் பிடித்துக் கொடுப்பான். சனம் கைதட்டும். அதற்குப் பிறகு அவன் தன் வீட்டுக்குப் போய் என்ன சமைத்துச் சாப்பிட்டான் என்று ஒரு படத்திலும் காட்டவில்லை என்றார். முகம் டிவிப் பக்கமே இருந்தது.

“நீர் மணவறையில அழுதுகொண்டே இருந்தனீர். உமக்கு அங்க ஆரும் இருந்தா இப்ப சொல்லும். நான் கோவிக்கமாட்டன். நானே அனுப்பி வைக்கிறன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்த நிமிடம்தான் விளங்கியது. நான் இல்லாத வெள்ளைக்காரியைத் தேடிய வீட்டில், அவர் இல்லாத காதலன் ஒருவனுக்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறார். ஒரே தமிழ் சினிமா, நான் ஒரு படத்தை நம்பினேன், அவர் இன்னொன்றை நம்பினார். அமெரிக்கன் அவரை ஆசியன் என்று ஓரத்தில் நிறுத்தினான், எங்கள் ஆட்கள் ஊரை விட்டுப் போனவன் என்று நிறுத்தினார்கள். எல்லைகளைக் களவாகக் கடந்து வந்து, தங்கைமாரைக் கரைசேர்த்து, தலை நரைக்கத் தொடங்கியபின் தாலி கட்டிய மனிதர். தன்னிடமும் ஒருத்தி விரும்பி வருவாள் என்று அவருக்கு எந்தப் படம் சொன்னது?

அழுதது அப்பாவை நினைத்து என்று சொன்னேன். பாரிசவாதத்தில் கிடந்த அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாமல், சித்தப்பாதான் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார். அதைத் தவிர எனக்கு அன்று ஒரு துக்கமும் இருக்கவில்லை.

“எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை. நான் உங்களோட இருக்கத்தான் வந்தனான்,” என்றேன்.

அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பினார். அனுப்பி வைப்பதற்கான வசனங்களையெல்லாம் மாதக்கணக்காகத் தயார்பண்ணி வைத்திருந்த மனிதர்.

“அப்ப, இனி நான் என்ன செய்யோணும்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“இஞ்சால கிட்ட வந்து இருங்கோ,” என்றேன்.