தெமலெத்தியின் காலிக் கூடை

உள்பாவாடைகளைத் தலையணை உறைக்குள் திணித்து, உறையின் வாயைக் கிளிப் போட்டு இறுக்கிய பிறகுதான் தெமலெத்தி கொடியில் மாட்டுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் செமிசியின் வீடு. அண்ணன் கண்ணில் தங்கையின் உள்துணி படுவதாவது! மழை நாட்களில் அவை காய ஒரு வாரம் ஆகும். பூஞ்சை வாடை வேறு. "வாடை எனக்கு மட்டுந்தானே தெரியும்? துணி ஊருக்கே தெரியுமே" என்பாள். செமிசியும் சளைத்தவர் அல்ல. வேலிப் பக்கம் வருமுன் மூன்று முறை இருமித் தகவல் கொடுப்பார். அந்த இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்த நர்ஸ் ஊருக்குப் புதியவள்.

வவாவு தீவில் பெண்கள் உடையோடுதான் கடலில் இறங்குவார்கள். தெமலெத்தி கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு இறங்குவாள். "கடலுக்குள்ள யாரு அத்தை பாக்கப் போறா?" என்று பிள்ளைகள் கேலி செய்தால், "மீனுக்குக் கண்ணு இல்லையா?" என்று அதட்டுவாள்.

மற்ற நாட்களில் சந்தையில் சேப்பங்கிழங்கு விற்பவள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலுக்கு ராணி. இருபத்திரண்டு வருடமாகக் கையில் ஒரு கூடை, அதில் ஏழு சுற்றுத்துணிகள். முட்டி தெரிய வருபவர்கள் ஆணோ பெண்ணோ, இடுப்பில் ஒன்றைச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். ஏழும் ஒரே பழைய திரைச்சீலையில் வெட்டியவை, பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்டவை. அதனால் யார் யார் கூடையில் அகப்பட்டார்கள் என்பது பிரசங்க மேடை வரைக்கும் தெரியும். பாதிரியார் முட்டிகளைப் பற்றி ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை. அந்தக் குறையைத் தெமலெத்தி வாசலிலேயே தீர்த்துவைத்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அண்ணன் மகள் சிசிலியாவும் அகப்பட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாவாடை முட்டியோடு நின்றுவிட்டது. ஊரே பார்க்க அவளைச் செம்பருத்தியில் சுருட்டினாள் அத்தை. சிசிலியா அந்தத் துணியை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அடுத்த வாரமே ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டாள். இங்கே அப்பாவின் சகோதரி சொல்லுக்கு அப்பாவே மறுபேச்சுப் பேச முடியாது. செமிசி அன்றும் இருமினார், அவ்வளவுதான். தாயில்லாப் பிள்ளைக்குத் தினம் தலை பின்னிவிட்டவள் தெமலெத்தி. சிசிலியா போனபின் வீடு வெறிச்சென்று ஆனதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிறு ஒரு பாய்மரப் படகிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் அரைக்கால் சட்டை. ஆறு துணிகள் போயின. ஏழாமவர் கணுக்கால்வரை பேன்ட் போட்டிருந்த கிழவர். பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. "கால் ரெண்டும் தனித்தனியாத் தெரியுதே" என்று கடைசித் துணியை அவருக்கும் சுற்றினாள். கூடை காலியானது.

அப்போதுதான் சிசிலியா படியேறி வந்தாள். முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தாள். கணுக்காலைத் தொடும் கறுப்பு உடை, முழுக்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை, இடுப்பைத் தவிர. உடைக்கு மேல் கட்டும் கியெகியே என்ற பின்னல் கச்சை இல்லை. அது இல்லாமல் தேவாலயத்துக்கு வருவது இங்கே உடுத்தாமல் வருவதற்குச் சமம். உள்ளே தலைகள் திரும்பின.

"கச்சை எங்கடி?"

"பெட்டியில. பெட்டி இன்னும் வந்து சேரல. உள்ள விடுவியா அத்தை, இல்ல மறுபடியும் பிளேன் ஏறட்டுமா?"

தெமலெத்தியின் கை வழக்கம்போலக் கூடைக்குள் போய்த் துழாவியது. அடியில் நார்தான் தட்டுப்பட்டது. மணியடிப்பது நின்றது. சிசிலியா ஒரு கணம் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி ஒரு படி இறங்கினாள்.

"நில்லுடி!"

தெமலெத்தி கூடையைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய்த் தன் கச்சையை அவிழ்த்தாள். மருமகளை இழுத்து நிறுத்தி, அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"மூச்சு முட்டுது அத்தை."

"முட்டட்டும். உள்ள போ."

"அப்ப நீ?"

"எனக்குக் காத்து வேணும். போடி, பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க."

சிசிலியா அத்தையின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனாள். மணிக்கட்டுவரை கையும் பாதம்வரை உடையும் தலையில் தொப்பியுமாக, தன் கணக்கில் அம்மணமாக, தெமலெத்தி கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிச் சுவரோரமாக நடந்து பின் ஜன்னலடியில் நின்றாள். பாட்டில் இரண்டாம் குரல் அவளுடையது, வெளியிலிருந்தே பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலோரம் செமிசியின் இடம். மகள் இடுப்பில் கிடந்த கச்சை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? வெளியே திரும்பிப் பார்க்காமல் மூன்று முறை இருமினார்.

தெமலெத்தி காலிக் கூடையை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை உரக்கப் பாடினாள்.