பாதியில் நிறுத்திய வேலை

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின், மதுரை கே.கே. நகரில் ஒரு சிறிய மருத்துவமனையில் நிர்வாகியாக இருந்தேன். நோயாளிகளின் விவரங்கள் இருந்த சர்வர் கணினியைப் பார்த்துக்கொண்ட பெண் எழுமலைக்காரர். வேறு மருத்துவமனைக்கு மாறப்போவதாகச் சொன்ன நாளிலிருந்தே அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண்.

விடுமுறை நாளில் வந்து என்ன செய்கிறார்? அவர் டீ குடிக்கப் போனதும் திரையைப் பார்த்தேன். நோயாளிகளின் விவரங்கள் பகுதி பகுதியாக வேறு பெயரில் நகலாகிக்கொண்டிருந்தன. நகலானதும் பழையது அழிந்தது. திருட்டேதான் என்று முடிவுகட்டி, அதைச் செய்துகொண்டிருந்த ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்தினேன்.

திரும்பி வந்தவர் பதறிப்போனார்.

"என்ன சார் பண்ணிட்டீங்க? புதுக் கிளை வருதுன்னு டேட்டாபேஸ் பேரை மாத்தச் சொன்னாரு டாக்டர். பேர் மாத்த இந்த டேட்டாபேஸ்ல கமாண்டே கிடையாது. நகல் எடுத்துட்டுப் பழசை அழிச்சாத்தான் உண்டு."

"எனக்கேவா பாடம் எடுக்குற? சாவியை வச்சுட்டுக் கிளம்பும்மா."

மருத்துவமனையின் உரிமையாளரான டாக்டர் வெளியூரில் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை, கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு பெரியவரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். முன்பு எங்களிடம் ஏதோ ஊசி போட்டு ஒத்துக்கொள்ளாமல் போனவர். எந்த ஊசி என்று மகனுக்குத் தெரியவில்லை. கணினியில் பெயர் வந்தது. மருந்து விவரம் வரவில்லை. நர்ஸ் ஊசியோடு காத்திருந்தார்.

"இம்புட்டு நேரமா என்னத்தண்ணே தேடுறீக?" என்று கத்தினார் மகன்.

வேறு வழியின்றி அந்தப் பெண்ணுக்கே போன் செய்தேன். உடனே எடுத்தார்.

"பாதி பழைய பேர்லயும் பாதி புதுப் பேர்லயும் கிடக்கும் சார். புதுசுல தேடுங்க."

கல்லூரியில் நான் நடத்திய பழைய கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை.

"அது இதுல ஓடாது சார். பதறாதீங்க, ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன், அடிங்க."

மருந்தின் பெயர் வந்தது. நர்ஸ் கையில் இருந்ததும் அதேதான். வேறு மருந்து போட்டார்கள், பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன், பெயரை மாற்றச் சொன்னது அவர்தான். எழுமலைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பெரியவரு நல்லாருக்காரா சார்?" என்று மட்டும் கேட்டார். வேலைக்குத் திரும்பவில்லை. திருடி என்று நான் விரட்டியவர் என் போனை உடனே எடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.