இடிக்குப் பிடுங்கின பிளக்

இடி இடித்தால் எங்கள் வீட்டில் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். அன்றைக்கும் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். மேசையில் என் மகளுடைய மூன்று கம்ப்யூட்டர்கள் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களுக்கு வரிசை நம்பர் கொடுத்துப் பழகிக்கொண்டிருந்தன. ஆயிரம் பேர் ஒன்றாகக் கேட்கும்போது ஒன்றை அணைத்தால் எத்தனை பேருக்குப் பதில் போகாது என்று அளந்துகொண்டிருந்தாள். இதில் தேறினால்தான் அவள் செய்ததைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

நான் பிடுங்கின பிளக்கில் இரண்டு அணைந்துவிட்டன.

“ஐயோம்மா, ஒன்னு போனா தாங்கும், ரெண்டு போனா தெரியாதுலா!”

திரையில் எண்கள் நின்றன. பிறகு மறுபடி ஓடின. மிச்சமிருந்த ஒன்றே அத்தனை பேருக்கும் பதில் சொன்னது.

“ஒருத்தரும் விட்டுப்போகலம்மா.”

நான் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஆள் வராத நாளில் அவர்கள் மரத்தையும் நானே சீவியிருக்கிறேன். எனக்கே நாலு மரம் விட்டுப்போகும். இது ஒன்றையும் விடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் பெற்ற மகள் செய்தது அது.