மெழுகு சொன்னபடி

சுகந்தினி பல் கட்டுகிறவள். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில், இராமநாதபுரத்தில் கட்டுப்பல் செய்யும் இடமொன்றுக்குத் தரை துடைக்கப் போய், பார்த்துப் பார்த்தே கையைப் பழக்கியவள். இப்போது மன்னார் நகரில் தன் வீட்டு முன்னறையில், பல் வைத்தியர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சுகளுக்குப் பல் செய்து கொடுக்கிறாள்.

நானாட்டானிலிருந்து துஷாந்தன் டொக்டர் அச்சுகளோடு, நோயாளி கடித்த மெழுகுத் துண்டையும் அனுப்புவார். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த இடத்தில் சேரும் என்று சொல்வது அந்த மெழுகுதான். பகல் பஸ்ஸில் வெக்கைபட்டு வந்துசேரும்போது அது வளைந்திருக்கும். வாயில் மீதிப் பல் உள்ள ஆளென்றால் சுகந்தினி மெழுகை ஒதுக்கிவிட்டு, பற்கள் தேய்ந்த அடையாளத்தைப் பார்த்து அச்சுகளைக் கையாலேயே பொருத்திவிடுவாள். அதை யாருக்கும் சொல்லிக்காட்டியதில்லை.

"மெழுகுக்குப் பதிலாய்ச் சிலிக்கோன் பசை பாவியுங்கோ டொக்டர், வெயிலுக்கு அசையாது" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"மெழுகு போதும்" என்றார் அவர்.

மீனவர் யோசேப்புக்கு ஒரு பல்கூட இல்லை. மெழுகை நம்புவதைத் தவிர வழியில்லை. பார்வைக்கு அது நேராகத்தான் இருந்தது. செய்த கட்டுப்பல்லோ வாயில் ஒருபக்கம் இடறியது. நோயாளிகள் நிறைந்த தன் விறாந்தையில் டொக்டர் சத்தமாகச் சொன்னார்: "முகாமில கூட்டித் துடைச்ச கை. வேற என்ன வரும்?"

அதன்பின் மூன்று வைத்தியர்கள் சுகந்தினிக்கு வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. காத்திருந்தாள்.

பதினொரு மாதம் கழித்து டொக்டரின் கடைவாய்க்கே மூன்று பல் சேர்த்துக் கட்டவேண்டி வந்தது. அந்தக் கையின் நேர்த்தி அவருக்குத் தெரியும்; தான் ஊரறிய ஏசிய கைதான் தன் வாய்க்கு வேண்டியிருந்தது அவருக்கு. அவர் கடித்து அனுப்பிய மெழுகும் பஸ்ஸில் வளைந்தே வந்தது. சுகந்தினி அச்சுகளைக் கையால் சேர்த்துப் பார்த்தாள். சரியான இடம் உடனே தெரிந்தது. பிறகு நடுவில் மெழுகை வைத்து, அது சொன்னபடியே, மயிரிழை பிசகாமல் செய்து அனுப்பினாள்.

நாலாம் நாள் டொக்டர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்ன பிள்ளை, உயர்ந்து நிக்குது. கடிக்கவே ஏலாமல் கிடக்கு."

"அச்சுக்கு நடுவில உங்கட மெழுகை வைச்சுப் பாருங்கோ. அச்சொட்டாய் இருக்கும்."

வைத்துப் பார்த்தார். அச்சொட்டாகத்தான் இருந்தது.

"சரி, திருப்பிச் செய்து தாரும்."

"செய்யிறன். சனிக்கிழமை வாங்கோ. இந்தமுறை சிலிக்கோன்."

சனிக்கிழமை அவர் வந்தபோது, முன்னறைக் கதிரையில், சுகந்தினி வரச்சொல்லியிருந்த யோசேப்பு இருந்தார். டொக்டரின் முகம் கறுத்தது. சுகந்தினி சிலிக்கோன் பசையை டொக்டரின் பல்வரிசையில் பிதுக்கினாள்.

"கடியுங்கோ. நான் சொல்லுமட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் திரும்பவும் பிழையாய்ப் போகும்."

அவர் கடித்தார். அவள் யோசேப்புப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, உங்கட கட்டுப்பல்லைக் கெடுத்தது என்ர கையில்லை, இவற்ற வளைஞ்ச மெழுகு. பொய்யெண்டால் டொக்டர் வாயைத் திறந்து சொல்லட்டும்."

யோசேப்பு குனிந்து டொக்டரின் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்கோவன் டொக்டர்."

டொக்டரின் காது சிவந்தது. வாய் திறக்கவில்லை.

"அப்ப உண்மைதான். கரையில எல்லாருக்கும் சொல்லுறன்."

சிலிக்கோன் ஒரு நிமிடத்தில் இறுகிவிடும். சுகந்தினி அவரை ஐந்து நிமிடம் கடித்தபடி இருக்க வைத்தாள்.